கரந்தைப் பூவில் நடுங்கும் இறக்கை

ஈயும் எறும்பும் வாய்விட்டுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், அறுப்பு முடிந்த ஒரு வயலில் கொட்டைக்கரந்தைச் செடிகள் மண்டிக் கிடந்தன. கோலிக்குண்டு போல உருண்டையாக, ஊதா நிறத்தில் பூக்கொண்டைகள். அவற்றில்தான் குறுணை என்ற ஈயும் அவளுடைய அக்காள் தவிடும் குடியிருந்தார்கள். பேருக்கேற்ற உருவம்தான், இரண்டு பேரையும் சேர்த்தாலும் ஒரு நெல்மணி தேறாது. இறக்கையோ கண்ணாடி மாதிரி, ஒரு கறை கிடையாது.

குறுணைக்குப் பயம் கூடவே பிறந்தது. காரணம் ஈப்புலி. வலை கட்டாத அந்தச் சிலந்தி, பூனை போலப் பதுங்கி வந்து ஒரே பாய்ச்சலில் ஈயைக் கவ்விவிடும். முட்டை சுமப்பவள் பாடு இன்னும் மோசம். முட்டையைப் பூக்கொண்டைக்குள் செருகி முடிக்கும்வரை அவள் இடத்தைவிட்டு நகரக் கூடாது. பாதியில் பறந்தால் முட்டை கீழே விழுந்து காய்ந்துபோகும்.

"நீ முதலில் இடு அக்கா. நான் காவல் இருக்கிறேன்" என்றாள் குறுணை.

"வந்தால் குரல் கொடு, அது போதும்" என்று சொல்லித் தவிடு பூவில் உட்கார்ந்தாள்.

ஈப்புலி வந்தது. குறுணை வாயைத் திறந்தாள். பயத்தில் சத்தமே வரவில்லை. அடுத்த நொடி, அக்காள் இருந்த இடத்தில் ஓர் இறக்கை மட்டும் கிடந்தது.

குறுணை பக்கத்திலிருந்த வாடிய பூக்கொண்டைக்குள் புகுந்து ஒடுங்கினாள். உள்ளே ஒரே பிசின். இடுக்கு வழியாகப் பார்த்தாள். அக்காள் இருந்த பூவிலேயே ஈப்புலி அவளைத் தின்றுகொண்டிருந்தது. வேறொரு ஈப்புலி அந்தப் பூவுக்கு ஏறி வந்தது. தின்றுகொண்டிருந்தவன் முன்னங்கால்களைத் தூக்கி ஆட்டினான். "ஆள் இருப்பது தெரியாது, அண்ணே" என்று வந்தவன் பின்வாங்கினான். அது அவர்கள் வழக்கம். கால் தூக்கி ஆட்டியவன் பூவில் அடுத்தவன் கால் வைக்க மாட்டான்.

அவன் தின்றுவிட்டுப் போனபிறகு குறுணை மெல்ல வெளியே வந்தாள். பூ இதழ்கள் அழுத்திய இடமெல்லாம் பிசின் ஒட்டி, இறக்கைகளில் கருப்புக் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. அழிச்சாட்டியம் பிடித்த கறை, தேய்த்தும் போகவில்லை. அதற்காக அழ நேரமில்லை. வயிறு கனத்தது. வயலில் பூவெல்லாம் முற்றிப்போய், முட்டை செருகும் பதத்தில் அக்காள் இருந்த அந்தப் பூ ஒன்றுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் அதிலேயே போய் உட்கார்ந்தாள்.

முட்டை பாதி இறங்கியபோது ஈப்புலி நேர் எதிரே வந்து நின்றான்.

பறந்து போ, பறந்து போ என்று உயிர் பதறியது. "அக்காளைத்தான் காப்பாற்றவில்லை, இதையாவது விட்டுப் போகமாட்டேன்" என்று கால்களை ஊன்றிக்கொண்டாள். ஆனால் உடம்பு கேட்கவில்லை. வெடவெடவென்று நடுங்கியது. நடுக்கத்தில் இறக்கைகள் இரண்டும் மேலே எழும்பி ஆடின. அவற்றோடு கருப்புக் கோடுகளும் ஆடின.

பாயத் தயாரானவன் நின்றுவிட்டான்.

"யாரப்பா நீ? பக்கத்துக்கு நாலு காலா? எங்களைப் போலவே ஆட்டுகிறாய். இப்படி ஓர் இனத்தை நான் பார்த்ததே இல்லையே" என்றான்.

அப்போதுதான் குறுணைக்கு விஷயம் புரிந்தது. இறக்கையில் ஆடும் கோடுகள் அவன் கண்ணுக்குச் சிலந்திக் கால்களாகத் தெரிகின்றன.

"இது என் பூ" என்றாள். இந்தத் தடவை குரல் வந்தது.

"ஆள் இருப்பது தெரியாது" என்று முனகி ஈப்புலி பின்னால் நகர்ந்தான். ஆனால் இலைக்கு இலை நின்று திரும்பிப் பார்த்தான். இறக்கை ஓய்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முட்டைகளெல்லாம் இறங்கிய பிறகும் குறுணை நிறுத்தவில்லை.

அவள் பிள்ளைகள் கோடு போட்ட இறக்கையோடுதான் பூவைப் பிளந்து வெளியே வந்தார்கள். "அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான், நிறுத்தாதீர்கள்" என்பதுதான் அவர்கள் காதில் விழுந்த முதல் சொல்.

கரந்தைப் பூவில் அந்தப் பொடி ஈ இறக்கையைத் தூக்கித் தூக்கி ஆட்டுவது அன்றைக்குத் தொடங்கியதுதான். ஏதோ கூத்தாடுகிறது என்று நாம் சிரிக்கிறோம். அதற்கோ இன்னும் நடுக்கம் தீரவில்லை.