துறைக்கல்லில் ரெண்டு கயிறு

கிட்ட வந்து உட்காருங்க. கடலோரத்துக் கதை. தள்ளி உட்கார்ந்தால் பாதியை அலை தின்றுவிடும்.

கிரேக்க தேசத்தில் தெலாம்னி என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே மலைக்காரர்களுக்கும் தீவுக்காரர்களுக்கும் ஓயாத வழக்கு. ஊரை உண்டாக்கினது நாங்கதான் என்று இவர்களும் சொல்வார்கள், அவர்களும் சொல்வார்கள்.

கடைசியில் ஊர்ச்சபை லைக்கோனைக் கூப்பிட்டது. ஊரின் பழைய சங்கதியெல்லாம் கேட்டு வைத்திருக்கிறவன் அவன். கையில் ஒரு கத்தியைக் கொடுத்து, “யார் பிந்தி வந்தவங்கன்னு கண்டுபிடி. அவங்க படகுக் கயிறை அறுத்து விடு. போகட்டும்” என்றார்கள்.

லைக்கோன் மலைக்காரன். அவன் பெண்டாட்டி மிர்த்தோ தீவுக்காரி. அன்றைக்கு அவள் அடுப்பே மூட்டவில்லை.

“எங்கண்ணன் படகை அறுத்துட்டு வந்து என்கிட்டயே ரொட்டி கேட்பீங்களோ?”

அவன் நேரே தன் குருவம்மா மெலித்தாவிடம் ஓடினான். அவள் துறையோரம் ஒலிவக்காய் தின்று கொட்டையைக் கடலில் துப்பிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, முதல்ல வந்தது யாரு?”

“நான் என்னத்தக் கண்டேன்? அப்ப நான் பொறக்கலையே. வா, கல்லைக் கேட்போம்.”

படகு கட்டுகிற கல்லில் ரெண்டு கயிற்று வளையம் கிடந்தது. ஒன்று மலைக்காரன் ஒருத்தன் படகுக் கயிறு. இன்னொன்று லைக்கோனின் மச்சான், மிர்த்தோவின் அண்ணன் படகுக் கயிறு.

“இதுல எது முதல்ல மாட்டினது?”

லைக்கோன் குனிந்து பார்த்தான். சுற்றி வந்தும் பார்த்தான். ரெண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன.

“பிடிபடலையேம்மா. பிந்தி வர்றவன் தன் வளையத்தை முன்னவன் வளையத்துக்குள்ள கீழேயிருந்து விட்டு எடுத்துத்தானே மாட்டுவான்? நம்ம துறை வழக்கம் அதுதானே. அப்படி மாட்டினப்புறம் எது முந்தி, எது பிந்தின்னு தெரியாது.”

“மேலாப்புல போட்டுட்டுப் போனா என்னவாம்?”

“பின்னவன் வந்து தன் கயிறை எடுக்காம முன்னவன் கிளம்ப முடியாதே!”

“இந்த வழக்கத்தைக் கண்டுபிடிச்சது மலைக்காரனா, தீவுக்காரனா?”

லைக்கோன் தலையைச் சொறிந்தான். “ஒரு கூட்டம் மட்டும் இருந்திருந்தா இது தேவைப்பட்டிருக்காதே…” சட்டென்று நிமிர்ந்தான். “அதை விடுங்கம்மா. ஊரை உண்டாக்கினது யாருன்னு சபையில கேட்பாங்க. நான் என்ன சொல்ல?”

அந்நேரம் பார்த்துக் கறுப்புப் பாய் கட்டின படகு ஒன்று துறைக்குள் வந்தது. இதுவரை பார்த்திராத படகு. அதிலிருந்தவன் புரியாத பாஷையில் கத்திக்கொண்டே கயிற்றை வீசினான். மெலித்தா எட்டிப் பிடித்தாள். நுனி பிரிந்து கந்தலாக இருந்தது.

“கத்தியைக் கொடு.”

கொடுத்தான்.

“ஊரை இன்னும் உண்டாக்கி முடியலை, ஆள் வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லு.”

கந்தலை அறுத்தாள். வளையம் முடிந்தாள். ரெண்டு வளையத்துக்குள்ளும் கீழேயிருந்து விட்டு எடுத்துக் கல்லில் மாட்டினாள். பிறகு சபையின் கத்தியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த ஒலிவக்காயை வாயில் போட்டாள்.