பொறாமைப்பட்ட நீர்க்காகமும் இரண்டு நாரைகளும்

ஏரி நடுவில் நின்ற நீர்மருத மரத்தில் பூவரசி, சிமிழி என்ற இரண்டு பெண் நாரைகள் ஒரே கூட்டில் வாழ்ந்தார்கள். ஒருத்தி நத்தை பிடித்து வந்தால், மற்றவளுக்கு ஊட்டிவிட்டுத்தான் தான் தின்பாள். வெயில் ஏறினால் ஒருத்தி இறக்கையை விரிப்பாள். மற்றவள் அந்த நிழலில் நிற்பாள்.

கீழ்க்கிளையில் கருக்கி என்ற நீர்க்காகம் குடியிருந்தாள். அவள் கணவன் மொண்ணையன் கெட்டவன் அல்ல. ஆனால் வயிறு நிறைந்ததும் முதுகைக் காட்டி உட்கார்ந்து இறக்கையை உலர்த்துவான். மனைவியிடம் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கருக்கிக்கு வயிறு எரிந்தது.

“இரண்டு பெண்களுக்குள் இப்படி ஒரு கொஞ்சலா! பார்க்கவே சகிக்கவில்லை!” என்பாள். ஆனாலும் பார்ப்பதை அவள் நிறுத்தவில்லை.

ஒரு நாள் அறுந்த வலை ஒன்றில் பூவரசியின் கால் சிக்கி எலும்பு முறிந்தது. காயம்பட்டவர்களைக் கவனிக்கும் தாழம்புதருக்கு அவளைத் தூக்கிப் போனார்கள். சிமிழி பின்னாலேயே பறந்தாள். வாசலில் உடும்புக் காவலர் மறித்தார்.

“நீ அவளுக்கு என்ன வேண்டும்?”

“நான் அவள் துணை!”

“ஏரிச் சட்டப்படி ஆணும் பெண்ணும்தான் துணை. துணை தவிர யாருக்கும் அனுமதி இல்லை!”

மூன்று நாள் சிமிழி வெயிலில் நின்றாள். அலகில் பிடித்து வந்த நத்தை அப்படியே காய்ந்துபோயிற்று.

பூவரசி பிழைத்து நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். இருவரும் நேராக ஏரியின் தலைவியான கூழைக்கடாப் பறவையிடம் போனார்கள்.

“அம்மா, எங்களையும் துணை என்று ஊரறிய அறிவியுங்கள். சட்டத்தை மாற்றுங்கள்!”

சேதி கேட்ட கருக்கி கொதித்துப்போனாள். ‘கொஞ்சுவது போதாதென்று ஊரே இவர்களை வாழ்த்த வேண்டுமா?’ உடனே மழைச்சாமியின் பூசாரி ஆமையிடம் ஓடினாள்.

“ஐயா! சாமி குற்றம் நடக்கப் போகிறது! வந்து தடுங்கள்!”

ஆமை உண்மையான பக்திமான். பதறிப்போய்த் தலைவி கூட்டிய சபைக்கு வந்தார்.

“மழைச்சாமி ஆணையும் பெண்ணையும் சேர்த்துத்தான் வாழ்த்தினார். எங்கள் கல்யாணப் பாட்டில் அப்படித்தான் இருக்கிறது. அதை மாற்ற என்னால் முடியாது!”

“பாட்டை மாற்றச் சொல்லவில்லை ஐயா,” என்றாள் சிமிழி. “அவள் வலியில் கத்தினாள். வெளியே நின்ற எனக்குக் கேட்டது. உள்ளே போக முடியவில்லை. இன்னொரு தடவை அப்படி நிற்க என்னால் ஆகாது.”

ஆமை தலையைக் குனிந்துகொண்டார். சபையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். கருக்கிக்குப் பயம் வந்துவிட்டது.

“இரக்கப்படாதீர்கள்! மழை நின்றுவிடும்! நம் குடும்பங்கள் எல்லாம் சிதறிவிடும்!”

“மூன்று வருடமாக ஒரே கூட்டில் இருக்கிறார்கள். மூன்று வருடமும் மழை பெய்ததே!” என்றாள் தலைவி. “உன் குடும்பம் எப்படிச் சிதறும்? அதைச் சொல்!”

“எப்படியா? காலையில் எழுந்ததும் ‘நன்றாகத் தூங்கினாயா’ என்று ஒருத்தி கேட்கிறாள்! மற்றவள் இறகு கோதிவிடுகிறாள்! என் கல்யாணத்துக்கு ஊரே கூடி வாழ்த்துச் சொன்னது. ஆறு வருடமாக நான் பார்ப்பது ஒரு முதுகைத்தான்! அவர்களுக்கு மட்டும் எப்படி…”

சட்டென்று நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை.

ஆமை மெதுவாகக் கேட்டார்: “சாமிக்கு வலிக்கும் என்றுதானே என்னை அழைத்து வந்தாய், அம்மா? வலி உனக்கா?”

பிறகு தலைவியின் பக்கம் திரும்பினார். “இவர்களுக்காக என் கோயிலில் அந்தப் பாட்டைப் பாட என் மனம் ஒப்பவில்லை. அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் காயம்பட்டுக் கிடப்பவளைப் பார்க்க அவள் துணையை உள்ளே விடக் கூடாது என்று எந்தப் பாட்டிலும் இல்லை. சட்டத்தை மாற்றினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.”

“கோயில் பாட்டு உங்கள் பொறுப்பு. ஏரிச் சட்டம் எல்லாருக்கும் பொது!” என்றாள் தலைவி. அன்றே பூவரசியும் சிமிழியும் துணை என்று அறிவிக்கப்பட்டது. சிலர் இறக்கை தட்டினார்கள். சிலர் முகம் கொடுக்காமல் பறந்து போனார்கள். பூவரசி சிமிழியின் தோளில் அலகைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

கருக்கி தலையைத் தொங்கப் போட்டபடி வீடு திரும்பினாள். மொண்ணையன் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். அவனும் சபையில் இருந்திருக்கிறான்!

“ஊருக்கெல்லாம் சொன்னாயே,” என்றான். “ஆறு வருடத்தில் ஒரு நாளாவது என்னிடம் சொன்னாயா?”



பிறருக்குக் கிடைத்த அன்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, சாமியின் பெயரால் அதைத் தடுக்கப் பார்த்தாலும், அந்த அன்பு நம் வீட்டுக்கு வந்துவிடாது.