பகவதியின் கல்லுக்குள் இருந்தது

“அம்மா, பகவதியை அடுக்களையிலிருந்து அனுப்பிவிட வேண்டும்.”

சிதம்பரதாணு இதைச் சொன்னபோது தாயம்மாள் மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. வேளிமலை அடிவாரத்து வைத்தியசாலைக்கு அவள்தான் குரு. தாணு அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் சீடர்.

“ஏன் அண்ணாச்சி?”

“அவளுக்குச் சிறுநீரில் கல் விழுந்ததல்லவா? அதையும் சிறுநீரையும் பட்டணத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கல்லுக்குள்ளே கிருமியாம். மிக நுண்ணிய வடிகட்டியிலும் நழுவிவிடும், அவ்வளவு பொடி. தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டு கல்லாகிவிடுகிறது.”

“அப்படியா எழுதியிருக்கிறார்கள்?”

தாணு காகிதத்தைப் பார்த்தார்.

“ஆகலாம் என்று எழுதியிருக்கிறது. அது உயிரா, வெறும் துகளா என்பதே இன்னும் முடிவாகவில்லையாம்.”

“அந்த ‘ஆகலாம்’ வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டதோ?”

நாற்பது நோயாளிகள் பகவதி கையால் சாப்பிடுகிறார்கள், அதுதான் தன் கவலை என்று தாணு நினைத்துக்கொண்டார். போன ஆடியில் பந்தியில் அவருக்குக் கடைசி இலை போட்டுவிட்டு, “அண்ணாச்சிக்கு வயிறு பொறுக்கும், வாய்தான் பொறுக்காது” என்று நாலு பேர் முன்னால் பகவதி சிரித்தாள். அன்றைய அவியலில் உப்பு குறைவு என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது.

“அவளிடம் சொல்லிவிட்டீர்களா?”

“காலையிலேயே. விஷக்கை என்றான பிறகு கரண்டியைத் தொடமாட்டேன் என்கிறாள். துணிமணி மூட்டை கட்டுகிறாள்.”

“எங்கே போவாள்?”

“போக்கிடம் கிடையாது.”

தாயம்மாள் அம்மியை வழித்தாள்.

“வேறு யாரையெல்லாம் சோதித்தீர்கள்?”

“கல் வந்த இன்னும் ஆறு பேரின் சிறுநீரை. ஆறிலும் இருக்கிறது.”

“கல் வராதவர்கள்?”

“நோயில்லாதவரிடம் போய் நோயை ஏன் தேட வேண்டும் அம்மா?”

அவள் எழுந்து இரண்டு சீசாக்களை எடுத்து வந்தாள்.

“ஒன்று எனக்கு. ஒன்று உங்களுக்கு. நமக்குக் கல் வந்ததில்லை, நம் சிறுநீரையும் அனுப்புங்கள். முடிவு வரும்வரை பகவதி இங்கேயே இருக்கட்டும். சமையல் நீங்கள்.”

தாணு தன் சீசாவை மூன்று முறை வெந்நீரில் கழுவினார்.

பன்னிரண்டு நாள் அவர் சமைத்ததை நோயாளிகள் வாய் திறக்காமல் சாப்பிட்டார்கள். பகவதி மட்டும் ஒருநாள் கேட்டாள்: “அண்ணாச்சி, இது ரசமா, கஷாயமா?”

பதின்மூன்றாம் நாள் காகிதம் வந்தது. தாணு அதை இரண்டு முறை படித்தார்.

“உங்களுடையதில் இல்லை அம்மா.”

“உங்களுடையதில்?”

“இருக்கிறது. பகவதியைவிட அதிகம்.”

“உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?”

“ஒன்றுமில்லை. கல்லைப் போல இருக்கிறேன்.”

சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். தாயம்மாள் சிரிக்கவில்லை.

“அப்படியானால் அது உங்களுக்குள் என்ன செய்கிறது?”

“தெரியவில்லை.”

“அவளுக்குள்?”

தாணு வெகுநேரம் காகிதத்தை மடித்தார், பிரித்தார்.

“அதுவும் தெரியவில்லை.”

“போய்ப் பகவதியிடம் சொல்லுங்கள்.”

“தெரியவில்லை என்றா?”

“ஆமாம்.”

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

“எனக்கும் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டுமா அம்மா?”

“நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே, அண்ணாச்சி.”