பதினேழு தரம்

வேங்கை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. இளவரசனுக்கு ஏழு வயது ஆனதும், அரசி அவனை அழைத்துக்கொண்டு அரண்மனையை விட்டு இறங்கி, ஊருக்குள் ஒரு தெருவில் குடியேற வேண்டும். அந்தத் தெருப் பள்ளியில்தான் அவன் படிக்க வேண்டும்.

இளவரசன் சேந்தனுக்கு ஏழு முடிந்தது. எந்தத் தெருவுக்குப் போவது?

"இதில் என்ன யோசனை?" என்றார் அமைச்சர் அனவரதர். "நான் குடியிருக்கும் மாளிகைத் தெருதான்! பள்ளியில் ஆறு ஆசிரியர்கள். தரையெல்லாம் பளிங்கு. என் பேரனும் அங்கேதான் படிக்கிறான்."

"சந்தைத் தெருவிலும் ஒரு பள்ளி இருக்கிறது," என்றான் அரசவை விகடகவி திருமேனி. "என் மகள் படிக்கிறாள்."

"அதன் கூரையில் எத்தனை ஓட்டை?"

"மூன்று," என்றான் திருமேனி. எதையும் எண்ணாமல் விடுகிறவன் இல்லை அவன்.

அவையே சிரித்தது. சந்தைத் தெருப் பள்ளி இருந்த இடத்தின் மேல் அமைச்சருக்கு வெகு நாளாக ஒரு கண். தேர் நிறுத்த அவருக்கு இடம் போதவில்லை. அவையிலேயே தன் கையால் ஓர் ஆணை எழுதி நீட்டினார்: 'எந்தப் பள்ளியில் தரம் அதிகமோ, அங்கே இளவரசர் சேர்வார். மற்றப் பள்ளி மூடப்படும்.' அரசர் மாறவேள் முத்திரை வைத்தார். முத்திரை விழுந்த ஆணையை அந்த நாட்டில் அரசராலும் மாற்ற முடியாது.

திருமேனி வீட்டுக்குப் போனதும் மகள் பொன்னரசி, "என் பள்ளிக்கூடத்தை இடித்துவிடுவார்களா அப்பா?" என்று கேட்டாள். அவன் ஆணையின் நகலை எடுத்து நான்கு முறை படித்தான். நான்காம் முறை அவன் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் துடிக்கும்.

மறுநாள் அரசரும் அரசியும் இளவரசனோடு இரண்டு பள்ளிகளையும் பார்க்கப் புறப்பட்டார்கள்.

"இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி கேளுங்கள், அரசே," என்றான் திருமேனி. "திடீரென்று மழை வந்தால் என்ன செய்வீர்கள்?"

மாளிகைத் தெருவில் நாற்பது பிள்ளைகள். நாற்பது பேரும் ஒரே குரலில், "வேலைக்காரரைக் கூப்பிடுவோம்!" என்றார்கள்.

சந்தைத் தெருவில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். கேள்வி முடிவதற்குள் ஒரே கூச்சல்.

"சுடாத பச்சைப் பானையை உள்ளே தூக்குவேன்!" என்றான் குயவர் மகன்.

"உப்பு மூட்டையை மூடுவேன்!" என்றாள் வணிகர் மகள்.

"நான் வயலுக்கு ஓடுவேன், மடை திறக்கணும்!"

"படகில் சேரும் தண்ணீரை இறைப்பேன்!"

பொன்னரசி எழுந்து கூரையைக் காட்டினாள். "இங்கே பெய்தால் மூன்று சட்டி வைப்போம்."

அரசி வாய்விட்டுச் சிரித்தாள். சேந்தன் அவள் கையை உதறிவிட்டு, குயவர் மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. "ஆணையில் மழை எங்கே இருக்கிறது? தரம் அதிகமான பள்ளி என்றல்லவா இருக்கிறது!"

"இருக்கட்டும் ஐயா," என்றான் திருமேனி. " உங்கள் பள்ளிப் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள்?"

"எல்லாரும் ஒரே தரம்! மாளிகை வீட்டுப் பிள்ளைகள். வேறு யாரையும் வாசலில்கூட விடமாட்டோம்."

"ஒரே தரம். அமைச்சர் வாயாலேயே கேட்டீர்கள் அரசே. இங்கே இருப்பவர்கள் பலதரப்பட்டவர்கள். குயவர், வணிகர், உழவர், ஓடக்காரர், இன்னும் பலர். விடிந்ததும் இரண்டு முறை எண்ணிவிட்டேன். மொத்தம் பதினேழு தரம். ஒன்று அதிகமா, பதினேழு அதிகமா?"

அரசர் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்து ஓர் ஓடு நழுவியது. "ஆணை ஆணைதான்! அரசி இந்தத் தெருவிலேயே வீடு பார்க்கட்டும். அந்த ஆறு ஆசிரியர்களும் இங்கே வரட்டும். இந்தக் கூரையை இன்றே மாற்றுங்கள்." தன் முத்துமாலையைக் கழற்றித் திருமேனி கழுத்தில் போட்டார்.

அமைச்சர் கைகளைப் பிசைந்தார். "அரசே, இன்னும் ஒரு தரம் யோசியுங்கள்!"

"இன்னும் ஒரு தரமா?" என்றான் திருமேனி. "தாராளமாகச் சேர்த்துக்கொள்வோம் ஐயா. நாளைக் காலையில் உங்கள் பேரனை அனுப்பிவையுங்கள். பதினெட்டு ஆகிவிடும்!"