நாடகத்தின் நடுவே எழுந்து போன கானாங்கோழி

நெட்டிக்குளத்தில் அம்பலவாணன் என்றொரு ஆமை வாழ்ந்தது. நாடகம் போடுவதில் அதற்கு அப்படியொரு ஆசை. அந்தக் கோடையில் அது ஒரு புது நாடகத்தை மேடையேற்றியது. ‘நாணல்கரைக் கொலை’ என்று அதற்குப் பெயர்.

காட்டு விலங்குகள் அதுவரை சிரிப்பு நாடகமும் சண்டை நாடகமும்தான் பார்த்திருந்தன. இதுவோ துப்பறியும் நாடகம். ஒரு தாய்ப்பறவையின் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. கொன்றது யார் என்று கண்டுபிடிக்க ஒரு தவளை வருகிறது. குளக்கரையில் எல்லோரையும் விசாரிக்கிறது. எல்லோர் மேலும் சந்தேகம் வருகிறது.

விஷயம் கேள்விப்பட்டு காடே திரண்டு வந்துவிட்டது. குளக்கரையில் ஒருவரை ஒருவர் தொடக்கூடாது என்று அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதனால் முயலும் நரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. முன்வரிசையில் உடும்பு மாசிலாமணி உட்கார்ந்திருந்தது. பூச்சியும் புழுவும் தவிர வேறெதையும் தின்னாது என்று அதற்கு ஊரெல்லாம் நல்ல பெயர். எருமை சடையாண்டி பின்னால் படுத்தது. நாடகம் தொடங்கும் முன்பே தூங்கியும் போனது.

கானாங்கோழி அஞ்சலை ஓர் ஓரமாக உட்கார்ந்தது. போன மழைக்காலத்தில் அதன் குஞ்சுகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. சில நாள் எல்லோரும் ‘பாவம்’ என்றார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். இந்த ஆண்டு மறுபடியும் பொரித்த குஞ்சுகளை மருதமரத்தடி நாணலுக்குள் மறைத்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தது.

நாடகம் விறுவிறுப்பாகப் போனது. பாதியில் ஒரு காட்சி வந்தது. நடிகர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். மேடையில் ஒரு மரத்தின் வேர். வேருக்குப் பக்கத்தில் ஒரு குழி நிறையத் தண்ணீர். அவ்வளவுதான்! யாரும் வரவில்லை. யாரும் பேசவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குமிழி மேலே வந்தது. உடைந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது.

“என்னப்பா இது? ஆமை போட்ட நாடகம் ஆமை மாதிரியே நகருது!” என்றது ஒரு குரங்கு.

சிலர் சிரித்தார்கள். சிலர் “உஸ்!” என்று அதட்டினார்கள்.

அப்போது அஞ்சலை சட்டென்று எழுந்தது. யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வெளியே போனது.

“பார்த்தீங்களா, தாங்க முடியாம ஒருத்தர் போயாச்சு!” என்றது குரங்கு.

நாடகம் முடிந்தது. கொன்றவன் யார் என்று கடைசிவரை தவளை சொல்லவே இல்லை.

மூன்று நாரைகள் மேடைக்கு வந்தன. எந்த நாடகம் சிறந்தது என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். மூத்த நாரை ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டது. பிறகு மெல்லச் சொன்னது.

“இந்தக் காடு இதுவரை கண்ட நாடகங்களில் இதுவே சிறந்தது. அதிலும் அந்தத் தண்ணீர்க் காட்சி! அது தண்ணீரே அல்ல. ஒரு தாயின் மனம்!”

அவ்வளவுதான். கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

“நாரை சொல்றது சத்தியம்! நான் அழுதுட்டேன்!” என்றது காட்டு வாத்து முத்தரசி. அதுவும் குஞ்சுகளைக் கூட்டில் விட்டுவிட்டு வந்திருந்த தாய்தான்.

“அழுதீங்களா? நாங்க தூங்கினோம்!” என்று கத்தியது குரங்கு. “கொன்னது யாருன்னு சொல்லாம அனுப்பினா அது என்ன துப்பறியும் நாடகம்?”

“எல்லாத்தையும் பிட்டு வாயில ஊட்டணுமா?”

“புரியாததைப் புரிஞ்ச மாதிரி நடிக்கிறீங்க!”

முயல்கள் வாத்தின் பக்கம் போயின. அணில்கள் குரங்கின் பக்கம் போயின. நேற்றுவரை ஒரே மரத்தில் இருந்த இரண்டு கிளிகள் ஒன்றையொன்று கொத்தப் பாய்ந்தன.

உடும்பு மாசிலாமணி எழுந்து நின்றது. எல்லோரும் அமைதியானார்கள்.

“நாடகம் நல்ல நாடகம்தான்,” என்றது அது தன்மையாக. “ஆனால் அந்தத் தண்ணீர்க் காட்சி எதற்கு? வேருக்கடியில் ஒருவன் புகுந்து வருவதாவது! நம்பும்படியாகவா இருக்கிறது? அதை வெட்டிவிடுங்கள். எல்லோருக்கும் பிடித்துவிடும்.”

“வெட்டு! வெட்டு!” என்றது குரங்குக் கூட்டம்.

“தொடக்கூடாது!” என்றது வாத்துக் கூட்டம்.

அம்பலவாணன் கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. இத்தனை பாராட்டும் இத்தனை ஏச்சும் ஒரே நேரத்தில் அதன்மேல் விழுந்ததே இல்லை.

அஞ்சலை எங்கே போனது?

அது நேராகத் தன் கூட்டுக்கு ஓடியது. மருதமரத்து வேரருகே நின்று தண்ணீரைப் பார்த்தது. ஒரு குமிழி வந்தது. உடைந்தது. மேடையில் பார்த்த அதே குமிழி! தினமும் அது அந்தக் குமிழிகளைப் பார்த்திருக்கிறது. மீன் விடும் மூச்சு என்று நினைத்திருக்கிறது. இன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தது.

வேருக்கடியில் ஒரு வளை இருந்தது. அதிலிருந்துதான் காற்று கசிந்து குமிழியாக வந்துகொண்டிருந்தது. பெரிய வளை. தண்ணீருக்கடியில் தொடங்கி நாணலுக்குள் போய்த் திறந்தது. அதன் வாயில் சின்னச் சின்ன இறகுகள் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. போன மழைக்காலத்து இறகுகள்.

அஞ்சலைக்கு அழுவதற்கு நேரமில்லை. குஞ்சுகளை ஒவ்வொன்றாக நடுக்குளத்துத் தாமரை இலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. “சத்தம் போடாம இருக்கணும், கண்ணுகளா!” என்று சொல்லிவிட்டு மேடையை நோக்கி ஓடியது.

அங்கே சண்டை உச்சத்தில் இருந்தது.

“எல்லோரும் வாங்க!” என்று கத்தியது அஞ்சலை. “மருதமரத்து வேருக்கடியில நிஜமாவே ஒரு வளை இருக்கு! அது வழியாத்தான் யாரோ வர்றாங்க! குஞ்சு வெச்சிருக்கிறவங்க எல்லாம் ஓடி வாங்க!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதோ, பாதியில எழுந்து போன அக்கா வந்துட்டாங்க!” என்றது குரங்கு. “அக்கா நம்ம பக்கம்! சொல்லுங்கக்கா, தாங்க முடியலைதானே?”

“அந்தக் காட்சி மனசைத் தொட்டுத்தான் தாங்க முடியாம போனாங்க!” என்றது முத்தரசி. “அஞ்சலை எங்க பக்கம்!”

“நான் எந்தப் பக்கமும் இல்ல! வளையை வந்து பாருங்க!”

மூத்த நாரை வருத்தத்தோடு தலையசைத்தது. “அம்மா, அந்தத் தண்ணீர் ஒரு குறியீடு. அதைப் போய் நிஜத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளலாமா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. வளை இருக்கு. இறகு கிடக்கு.”

“முதல்ல ஒரு வார்த்தை சொல்லு. நாடகம் நல்லா இருந்ததா, இல்லையா?” என்றது ஒரு முயல்.

“நான்தான் முழுசாப் பார்க்கவே இல்லையே!” என்றது அஞ்சலை. அதற்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது மாசிலாமணி முன்னால் வந்தது. “பாவம், பயந்துபோயிருக்கிறாள். நீங்கள் பேசிக்கொண்டிருங்கள். நான் போய் அந்த வளையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.”

“எவ்வளவு நல்ல மனசு!” என்றார்கள் இரண்டு பக்கத்தாரும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வரவில்லை. அஞ்சலைகூடக் கும்பிடு போட்டது. உடும்பு நாணலுக்குள் போய் மறைந்தது. சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஆமை மெல்லக் கழுத்தை நீட்டியது.

“அஞ்சலை, நிஜமாகவே வளை இருக்கிறதா?”

“உங்களுக்குத் தெரியாதா அண்ணே? தெரியாமலா காட்சி வெச்சீங்க?”

“தெரியாதம்மா. நான் அந்த வேரடியில் வெயில் காய்வேன். குமிழி வரும். பார்க்க அழகாக இருக்கும். அதனால் வைத்தேன்.” அது கொஞ்சம் யோசித்தது. “ஆனால் ஒன்று. மாசிலாமணி, ‘வேருக்கடியில் ஒருவன் புகுந்து வருவதாவது’ என்று கேட்டதே. என் நாடகத்தில் யாரும் அப்படிப் புகுந்து வரவில்லையே! நான் வெறும் தண்ணீரைத்தானே காட்டினேன்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சடையாண்டி! எழுந்திரு!” என்று கத்தியது ஆமை.

எருமை கண் விழித்தது. “நாடகம் முடிஞ்சதா? எப்படி இருந்தது?”

“அதை விடு! என்னை முதுகில் ஏற்று! மருதமரத்துக்கு ஓடு!”

எருமை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆமையை ஏற்றிக்கொண்டு நாணலை மிதித்துத் தள்ளியபடி ஓடியது. அஞ்சலை முன்னால் பறந்தது.

வேரருகே மாசிலாமணி இல்லை. பக்கத்தில் முத்தரசியின் கூடு இருந்தது. அங்கே நாணல் அசைந்தது.

உடும்புக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. வளை எப்படியும் அடைபடப் போகிறது. தாய்கள் எல்லோரும் மேடையருகே கத்திக்கொண்டிருக்கிறார்கள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

“டேய்!” என்று முழங்கியது சடையாண்டி. தரை அதிர ஓங்கி மிதித்தது. மாசிலாமணி வாயில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பியது.

“கிழக்குப் பக்கம் யாராவது மறிங்க! ஓடி வாங்க!” என்று அஞ்சலை குளம் முழுக்கக் கேட்கும்படி கூவியது.

மேடைப் பக்கமிருந்து ஒருவரும் வரவில்லை. அங்கே இருந்த இரைச்சலில் யாருக்கும் காது கேட்கவில்லை. உடும்பு கிழக்குக் கரை ஏறிக் காட்டுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

கீழே விழுந்த குஞ்சை அஞ்சலை அலகால் தொட்டுப் பார்த்தது. அது கண் திறக்கவில்லை. கூட்டில் ஒன்றே ஒன்று மட்டும் இறகுக்குள் ஒடுங்கிக்கிடந்தது. மற்றவை இல்லை. அஞ்சலை அந்த ஒன்றைத் தன் சிறகுக்குள் எடுத்துக்கொண்டது.

எருமையே மேடைக்குத் திரும்பிப் போய்ச் செய்தியைச் சொன்னது. அப்போதுதான் கூட்டம் ஓடி வந்தது. குரங்குகளும் முயல்களும் நாரைகளும் கரையில் வந்து நின்றன. மூத்த நாரை ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. திறந்த அலகை அப்படியே மூடிக்கொண்டது.

சடையாண்டி வேருக்கடியில் கல்லையும் சேற்றையும் தள்ளி வளையை அடைத்தது. குரங்குகள் கேட்காமலே கல் எடுத்துக் கொடுத்தன.

“இனிமேல் இந்த நாடகத்தைப் போட மாட்டேன்,” என்றது ஆமை. “குமிழியின் அழகைப் பார்த்தேனே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.”

“போடணும் அண்ணே,” என்றது அஞ்சலை. “அதைப் பார்த்ததாலதான் என் பிள்ளைங்க உசிரோட இருக்காங்க.”

முத்தரசி தன் கூட்டின் முன் உட்கார்ந்திருந்தது. மிஞ்சிய குஞ்சை அஞ்சலை அதன் அருகே மெதுவாக விட்டது. முத்தரசி நிமிர்ந்து பார்த்தது.

“நீ பார்த்த அதே காட்சியை நானும்தானே பார்த்தேன், அஞ்சலை?” என்று கேட்டது. “நீ வீட்டுக்கு ஓடினே. நான் அருமையா இருக்குன்னு சொல்லிக்கிட்டு அங்கேயே நின்னுட்டேனே!”

அஞ்சலை முத்தரசியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

ஒரு கதை நல்லதா கெட்டதா என்று அடித்துக்கொள்பவர்கள், அந்தக் கதை தங்களிடம் சொல்ல வந்ததைக் காதில் வாங்கத் தவறிவிடுகிறார்கள்.