ராஜாவுக்குப் பதில் தீ மிதிக்கப் போனவர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மாம்பாடி நாட்டை மகுடேசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் புதுசாக எது காதில் விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். மிளகு வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, தான் நோயில் படுத்துவிட்டால் தன் வேலையைப் பார்க்க வேறொருவன் உண்டு, அவனுக்கு ‘சப்ஸ்டிட்யூட்’ என்று பெயர் என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். ராஜாவுக்குப் பதில் ஒருவன் வேட்டைக்குப் போனான், இன்னொருவன் கச்சேரியில் தலையாட்டினான். ராஜாவின் இருமலுக்குக் கஷாயம் குடிக்கக்கூட ஓர் ஆள் இருந்தான்.

அந்த வருஷம் மழை வந்தால் மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பதாக ராஜா வேண்டிக்கொண்டிருந்தான். மழை கொட்டித் தீர்த்தது. ராஜாவுக்கு உள்ளங்கால் கூசியது.

மந்திரி திருமேனியாரைக் கண்டாலே ஆகாத தளவாய் வைரவநாதர் சபையில் மெல்ல எழுந்தார். ராஜாவுக்குப் பொருத்தமான சப்ஸ்டிட்யூட் மந்திரிதான் என்றார். மந்திரிக்கு வாதம், நாலு அடி வைக்கவே தடுமாறுவார். பூக்குழியில் தடுமாறினால் ஆள் பிழைக்காது. அது தெரிந்துதான் சொன்னார், பாவி மனுஷன். ராஜாவோ யோசிக்காமல் தலையாட்டிவிட்டான்.

மந்திரி முகம் மாறாமல் கேட்டார். “காப்பு கட்டுவதிலிருந்து அவிழ்ப்பது வரை தங்கள் இடம் முழுக்க என்னுடையதுதானே, மகாராஜா?”

“முழுக்கத்தான்” என்றான் ராஜா.

மறுநாள் பூசாரி மந்திரியின் கையில் மஞ்சள் காப்பைக் கட்டினார். மந்திரி நேராகப் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். காப்பு அவிழும்வரை பத்து நாள் ராஜா என்று தளவாய் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

“இப்போது நான் ராஜா. ராஜாவுக்குச் சப்ஸ்டிட்யூட் வைத்துக்கொள்ள உரிமை உண்டு” என்றார் மந்திரி. “எனக்குப் பதில் தளவாய் தீ மிதிப்பார். பூசாரி, அவருக்கும் ஒரு காப்பு.”

காப்பு கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, ஓடவும் வழியில்லை. தளவாய் தடாலென்று மந்திரியின் காலில் விழுந்து, பொறாமையில் செய்துவிட்டேன் என்று சபையறிய அழுதார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு வெட்கமாகிவிட்டது. “வேண்டிக்கொண்டது என் வாய். நான்தான் நடக்கணும்” என்று பூசாரி கையிலிருந்த காப்பை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டான். குழிக்கு விறகு சுமக்கும் வேலை தளவாய்க்கு. கோயிலின் முதல் மரியாதை மந்திரிக்கு.

பத்தாம் நாள் ராஜா நன்றாகவே நடந்தான். கட்டைவிரலில் மட்டும் ஒரு கொப்புளம்.

“இந்த எரிச்சலுக்கு ஒரு சப்ஸ்டிட்யூட் கிடையாதா, மந்திரி?” என்றான் இருமிக்கொண்டே.

“தாராளமாக வைத்துக்கொள்ளலாம், மகாராஜா. கஷாயத்துக்கும்தான் ஆள் வைத்தீர்கள். இருமல் போயிற்றா?”

ராஜா சிரித்தான். மறுபடி இருமல் வந்தது. அந்தக் கஷாயத்தை இங்கே கொண்டுவரச் சொல் என்று கை நீட்டினான்.