ஒச்சப்பன் காதில் வைத்த பஞ்சு

முன்பொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் பொழுது அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எதையாவது ஒன்றைப் பார்த்துவிட்டால் அதுதான் உலகம் என்று பிடித்துக்கொள்வான். ஒரு வருஷம் கிளி வளர்த்தான். அந்த வருஷம் அரண்மனையில் மனுஷன் பேசியது கிளிக் கத்தலில் யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் மல்யுத்தம் பிடித்துக்கொண்டது.

அதற்குக் காரணம் ஒச்சப்பன். அரண்மனை மல்லன். பக்கத்து நாட்டிலிருந்து மீசையை முறுக்கிக்கொண்டு வந்த மல்லர்களை எல்லாம் ஒரே பிற்பகலில் உட்காரவைத்து அனுப்பிவிட்டான். உட்காரவைத்தான் என்றால் உட்காரவைத்தான்தான். அந்த நாட்டு மல்யுத்தத்துக்கு ஒரே சட்டம்: எவன் பின்பக்கம் மண்ணில் படுகிறதோ அவன் தோற்றான். களத்தில் செம்மண் கொட்டியிருக்கும். மல்லர்கள் வெள்ளைக் கச்சை கட்டிக்கொண்டு இறங்குவார்கள். பந்தயம் முடிந்ததும் நடுவர் வாயைத் திறக்கமாட்டார். ஆளைத் திருப்பி நிறுத்திப் பின்பக்கத்தைப் பார்ப்பார். சிவப்பு ஒட்டியிருந்தால் தோல்வி. அப்புறம் வாதம் கிடையாது. அதனால் அந்த ஊர் ஜனங்களுக்கு ஒரு மல்லனின் முகத்தைவிட அவன் பின்பக்கம்தான் நல்ல பழக்கம்.

ஒச்சப்பன் கச்சையில் மட்டும் யாரும் சிவப்பைப் பார்த்ததில்லை. அதைப் பார்த்துப் பார்த்து ராஜாவுக்கு வெறி ஏறிவிட்டது. "நாளை முதல் அரண்மனையில் இருக்கும் அத்தனை பேரும் மல்யுத்தம் பழக வேண்டும்" என்று உத்தரவு போட்டான். விடிந்தால் மந்திரி செம்மண்ணில் புரண்டார். புரோகிதர் புரண்டார். சமையல்காரனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, சாம்பாரில் உப்புப் போடக் குனியமுடியாமல் போயிற்று. வராத ஆள் ஒருவன்தான். சபை விகடகவி சடையாண்டி. ஒல்லி உடம்பு. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பில் தாளம் போடலாம்.

ராஜா கூப்பிட்டு அனுப்பினான்.

"சடையாண்டி, எல்லோரும் களத்துக்கு வருகிறார்கள். நீர் மட்டும் ஏன் வரவில்லை?"

"மகாராஜா, ஆயுதம் இல்லாதவர்கள் கை கால் பழக வேண்டியதுதான். அடியேனுக்கு வாயே ஆயுதம். நாய் துரத்தினாலும் சரி, திருடன் மறித்தாலும் சரி, இதுவரை அதை வைத்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்திருக்கிறேன்."

ராஜா சிரித்தான். அதோடு போயிருக்க வேண்டிய பேச்சு. ஆனால் பக்கத்தில் தளவாய் திருமலைக்கொழுந்து உட்கார்ந்திருந்தார். படைக்குத் தலைவர். அவருக்குச் சடையாண்டியைக் கண்டால் ஆகாது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. "நம் தளவாய் போருக்குப் போகும்போது படைக்குப் பின்னால் போவார், திரும்பும்போது படைக்கு முன்னால் வருவார்" என்று ஒருநாள் சடையாண்டி சபையில் சொல்லிவிட்டான். உண்மையைச் சொன்னால் வருகிற பகை இருக்கிறதே, அது லேசில் ஆறாது.

தளவாய் எழுந்து வணங்கினார். "மகாப்பிரபு, சபையில் சொன்ன சொல்லைச் சோதித்துப் பார்ப்பது நம் வழக்கம். வாய்தான் ஆயுதம் என்கிறார் விகடகவி. அந்த ஆயுதத்தால் ஒச்சப்பனை உட்காரவைத்துக் காட்டட்டுமே. கை படக் கூடாது, கால் படக் கூடாது. வெறும் சொல்."

ராஜாவுக்கு இந்த மாதிரிப் போட்டி என்றால் அல்வா சாப்பிட்ட மாதிரி. "அப்படியே ஆகட்டும். நாளைக் காலை. ஒரு நாழிகை நேரம் தருகிறேன். அதுவரை ஒச்சப்பன் உம்மைத் தொடமாட்டான். அதற்குள் அவன் உட்காரவில்லை என்றால் அவன் உம்மைத் தூக்கி ஒரே ஒரு தடவை எறிவான்."

"ஒரே ஒரு தடவைதானே, மகாராஜா. அதற்கு மேல் எறிய என்னிடம் என்ன மிஞ்சியிருக்கும்?"

"இன்னும் முடியவில்லை. தோற்றால் என் சபையில் நீர் இனி வாயே திறக்கக் கூடாது. உதவாத ஆயுதம் உறையில் இருக்கட்டும்."

சடையாண்டி அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தான். எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளலாம். பேசாத விகடகவிக்கு எந்த ராஜா அரிசி அளப்பான்?

வீட்டுக்கு வந்து மனைவி ஆவுடையிடம் சொன்னான். அவள் கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சலிப்பதை நிறுத்தவில்லை.

"நாயை வாயாலேயே விரட்டினேன்னு பெருமையடிக்காதன்னு அப்பவே சொன்னேன். கேட்டியா?"

"நாயை விரட்டலடி. ஓடாம நின்னு, என்னடா வேணும்னு கேட்டேன். எல்லாரும் ஓடுறாங்க, இவன் மட்டும் நிக்கிறானே, கையில என்ன வச்சிருக்கானோன்னு அது யோசிச்சுது. யோசிச்சா கால் நின்னுபோகும்."

"நாய் யோசிச்சுது, சரி. ஒச்சப்பன் யோசிக்கிற ஆளா?"

"நாயைவிட அதிகமா யோசிப்பான். விழுந்துடுவோமோன்னு பயம் இல்லாதவன் எதுக்குத் தினமும் விடியமுன்ன எழுந்து பழகுறான்? நாளைக்குப் போய், ஏம்பா வலது முழங்கால் வீங்கியிருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்பேன். கேட்டுக்கிட்டே இருப்பேன். பாதி நாழிகையில நொண்டுவான் பாரு."

"நொண்டட்டும். இல்லாட்டி நீ நொண்டிக்கிட்டு வா, ஒத்தடம் கொடுக்கத் தவிடு இருக்கு" என்றாள் ஆவுடை.

மறுநாள் காலை அவள் கிண்டிய களியைத் தின்றுவிட்டுப் புறப்பட்டான். களத்தைச் சுற்றி ஊரே நின்றது. உப்பரிகையில் ராணியும் தோழிகளும். நடுவில் தண்ணீர் அண்டா, அதன் மேல் அடியில் துளை போட்ட நாழிகை வட்டில் மிதந்தது. அது நிறைந்து முழுகினால் நேரம் முடிந்தது.

ஒச்சப்பன் வெள்ளைக் கச்சையோடு செம்மண்ணில் நின்றான். தேர்க்கால் மாதிரி தொடை. ஆனால் முகம் குழந்தை முகம். கெட்ட எண்ணம் கிடையாது. சொன்னதைச் செய்கிற ஆள்.

முரசு அடித்தது. சடையாண்டி அருகே போனான்.

"ஒச்சப்பா, வலது முழங்கால் என்னப்பா இப்படி வீங்கியிருக்கு?"

ஒச்சப்பன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"ராத்திரி சுளுக்கிக்கிட்டியா? ஒரு காலை ஊணி நிக்கிறியே."

அதுவும் எடுபடவில்லை. சடையாண்டி மாற்றிப் பார்த்தான். உன் பெண்சாதி வந்திருக்கிறாள் என்றான், உன் காலடியில் தேள் என்றான், உன் வாத்தியார் உன்னைப் பற்றி ஒரு மாதிரி சொன்னார் என்றான். கல்தூணிடம் பேசினால் எதிரொலியாவது வரும். இவனிடம் அதுவும் இல்லை. வட்டில் கால்வாசி இறங்கிவிட்டது.

சுற்றி வந்து பக்கவாட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒச்சப்பன் காதுக்குள் வெள்ளையாக ஏதோ. பஞ்சு. அதன் மேல் தேன்மெழுகு பூசி அடைத்திருந்தது. இந்தக் காதிலும், அந்தக் காதிலும். ராஜா இருந்த மேடையைப் பார்த்தான். தளவாய் மீசைக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தார்.

சடையாண்டி பேச வந்ததைப் பாதியில் விட்டான். வேல் எடுத்துக்கொண்டு போருக்குப் போனவன், போன இடத்தில் முனையைக் காணோம் என்று நின்ற கதைதான். ஒரு கணம், தவிட்டு ஒத்தடம்கூட நினைவுக்கு வந்தது.

அந்த நேரத்தில் கூட்டத்தில் எவனோ, "விகடகவியாரே, களி தின்னுட்டு வந்தீரா, நாக்கு ஒட்டிக்கிச்சா?" என்றான். ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

ஒச்சப்பன் சட்டென்று கூட்டத்தைப் பார்த்தான். பிறகு சடையாண்டியின் உதட்டைப் பார்த்தான். பிறகு மறுபடியும் கூட்டத்தை. கல்தூணாக நின்றவன் கண் மட்டும் ஈ மாதிரி அலைந்தது.

ஆகா, என்று நினைத்துக்கொண்டான் சடையாண்டி. காது அடைத்திருக்கிறது. ஆள் திறந்திருக்கிறான்.

அப்புறம் அவன் ஒச்சப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"ஆமாம் ஐயா, களிதான். என் வீட்டுக்காரி கிண்டின களியைக் கேளுங்கள்" என்று ஆரம்பித்தான். "இத்தனை பெரிய உருண்டை" என்று இரண்டு கையாலும் வட்டம் போட்டுக் காட்டினான். ஜனங்கள் சிரித்தார்கள்.

ஒச்சப்பன் அந்த வட்டத்தைப் பார்த்தான். அத்தனை பெரிதாக, அத்தனை உருண்டையாகத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தான். யோசித்ததும் காது சிவந்தது.

"தொட்டால் கல்லு. அடித்துப் பார்த்தேன், மத்தளம் மாதிரி சத்தம்" என்று சடையாண்டி காற்றில் இரண்டு தட்டுத் தட்டினான். சிரிப்பு. "துடுப்பு களியிலே ஒட்டிக்கொண்டது, களி பானையிலே ஒட்டிக்கொண்டது, பானை அவள் கையிலே ஒட்டிக்கொண்டது. கடைசியில் இந்தப் பக்கம் நான் பிடித்து, அந்தப் பக்கம் அவள் பிடித்து, ஒரே இழு" என்று இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்துக் காட்டினான். "நடுவில் இரண்டாகப் பிரிந்தது பாருங்கள், உள்ளே இருந்தது எல்லாம் வெளியே தெரிந்தது."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. உப்பரிகையில் ராணி முந்தானையால் வாயை மூடினாள். ஒச்சப்பன் அதையும் பார்த்தான். ராணியம்மாவே வாயை மூடுகிறார்கள் என்றால் கச்சை எவ்வளவு தூரம் கிழிந்திருக்கும்? வியர்வை கோடாக இறங்கியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கப் பார்த்தான். முடியவில்லை. ஒரு கை தானாகப் பின்னால் போயிற்று.

"சந்தேகம் இருந்தால் ஒச்சப்பனைக் கேளுங்கள்" என்று சடையாண்டி மோவாயால் காட்டினான். "போன வாரம் எங்கள் வீட்டுக் களியைத் தின்றவன் அவன்."

ஊரே ஒச்சப்பனைத் திரும்பிப் பார்த்தது. மல்லனை எங்கே பார்ப்பது அந்த ஊர் வழக்கமோ, அங்கேதான் பார்த்தது. பார்த்தால் அங்கே ஒரு கை துழாவிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை ஜனங்கள் நிஜமாகவே அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

இரும்பு பிடித்துக் காய்த்த விரல் அது. கச்சையின் மடிப்பு அகப்பட்டதும் கிழிசல் என்றே நினைத்தது. அவ்வளவுதான். இடம் வலம் பார்த்தான். மறைய ஒரு செடிகூட இல்லை. தொப்பென்று அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

வட்டில் இன்னும் முழுகவில்லை. முரசுக்காரன் சிரித்துக்கொண்டே முரசை அடித்தான். நடுவர் ஒச்சப்பனை எழுப்பித் திருப்பி நிறுத்தினார். வெள்ளைக் கச்சையில் பூசணிக்காய் அளவுக்குச் செம்மண்.

தளவாய் மேடையிலிருந்து பாய்ந்து இறங்கினார். "செல்லாது, மகாப்பிரபு. சொல்லால் வீழ்த்த வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இவர் சொன்ன ஒரு சொல்லும் ஒச்சப்பன் காதில் விழவில்லை. நானே என் கையால் பஞ்சு வைத்து மெழுகு பூசினேன்."

கூட்டம் முழுக்கத் தளவாயைத் திரும்பிப் பார்த்தது. தான் என்ன சொன்னோம் என்பது தளவாய்க்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"நீரா வைத்தீர்?" என்றான் ராஜா.

சடையாண்டி வணங்கினான். "மகாராஜா, தளவாய் அவர்களுக்கு அடியேன் நன்றி சொல்ல வேண்டும். வெறும் காற்றுக்கு யாரும் கவசம் போடமாட்டார்கள். வாய் ஓர் ஆயுதம் என்பதை இந்த நாட்டில் முதலில் ஒத்துக்கொண்டவர் அவர்தான். ஆனால் கவசத்தை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். காதில் விழுகிற சொல்லுக்குப் பதில் சொல்லலாம், திட்டலாம், பொய் என்று தள்ளலாம். விழாத சொல்லை என்ன செய்வது? அதை ஒச்சப்பன் தானே சொல்லி, தானே கேட்டு, தானே நம்பினான். நான் அவனைப் பற்றி அவ்வளவு மோசமாகச் சொல்லியிருக்கவே முடியாது."

"கையை ஆட்டினாரே" என்றார் தளவாய், விடாமல்.

"கை படக் கூடாது என்றுதானே ஏற்பாடு? கையை ஆட்டாமல் பேச இந்த நாட்டில் யாருக்குத் தெரியும்? தாங்களே இப்போது இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டுதான் பேசுகிறீர்கள்."

தளவாய் கையைக் கீழே இறக்கினார். ராஜா சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துக் கிரீடம் காதுவரை இறங்கி, மந்திரி பிடித்து நிமிர்த்த வேண்டியதாயிற்று.

சடையாண்டிக்குப் பட்டு உத்தரீயமும் கன்றோடு ஒரு பசுவும் கிடைத்தன. ஆவுடைக்குப் பெரிய வெண்கலப் பானை. இன்னும் என்ன வேண்டும் என்று ராஜா கேட்டதற்கு, "மல்யுத்தத்தை மல்லர்களுக்கு விட்டுவிட வேண்டும்" என்று கேட்டுக்கொண்டான். மந்திரி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தளவாய்க்குத் தண்டனை வேறு ஒன்றும் இல்லை. அதே பஞ்சு, அதே மெழுகு, அவர் காதில். அடுத்த அமாவாசைவரை அதோடு சபைக்கு வர வேண்டும். முதல் நாள் மீசையை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் யாரோ தும்ம, யாரோ சிரிக்க, தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார். அதற்கடுத்த நாள் வேட்டியைப் பார்த்தார். அமாவாசைக்கு வெகு முன்னாலேயே சடையாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். சடையாண்டிதான் ராஜாவிடம் சொல்லி மெழுகை எடுக்கவைத்தான்.

ஒச்சப்பன் சமாசாரம்தான் பாக்கி. அவனுக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஒருநாள் வந்து உட்கார்ந்து, புதுப் பானையில் கிண்டிய களியை வளைத்துக் கட்டினான்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அன்னிக்கு என்னைப் பத்தி என்னதான் சொன்னீங்க?"

"உன்னைப் பத்தி ஒண்ணுமில்லப்பா. களியைப் பத்திச் சொன்னேன்."

"பரவால்லண்ணே, மனசு சங்கடப்படும்னு மறைக்கிறீங்க."

"சத்தியமா களிதான் தம்பி" என்றாள் ஆவுடை.

"நீங்களுமா அக்கா" என்று ஒச்சப்பன் பெருமூச்சு விட்டான்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பின்னால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான். இதைச் சடையாண்டி சபையில் சொன்னபோது ராஜா மறுபடியும் சிரித்தான், கிரீடம் மறுபடியும் இறங்கிற்று. ராஜா சிரித்தால் நாட்டுக்கு நல்லது. உத்தரவு போடமாட்டான்.